அன்பொலி திரும்ப அழைக்கும்

பேச வேண்டும் என்று ஒருவர் போனைக் கையில் எடுத்தால், முதல் வேலையாக அந்தப் போனை அவர் கையாலேயே வைக்கச் செய்ய வேண்டும். அன்பொலி கால்பேக் நிறுவனத்தின் அடிப்படைக் கொள்கை அதுதான். வைத்த பிறகு நிறுவனம் அவரைத் திரும்ப அழைக்கும். அழைத்து, அவர் பேச விரும்பிய வெளிநாட்டு ஆளோடு மலிவாக இணைத்து வைக்கும். இணைத்து வைக்காத நாட்களிலும் திரும்ப அழைப்பது மட்டும் நிற்காது. நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் பிரபாகர் இந்தக் கொள்கையை நாமக்கல்லைச் சுற்றியுள்ள லாரி பாடி பட்டறைகளின் மதில்களிலெல்லாம் மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். 'நீங்கள் வையுங்கள். நாங்கள் அழைக்கிறோம்.'

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் தமிழ்ச்செல்வி, அந்த மதில்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்று படிக்க வேண்டிய தேவை அதுவரை வரவில்லை. அவள் கணவன் கந்தன் போர்வெல் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு முதலாளிகளின் ரிக் வண்டி போகாத சீமை கிடையாது. கந்தன் ஏறிய வண்டி ஆப்பிரிக்காவில் சாம்பியா வரைக்கும் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அங்கிருக்கும் டவுனுக்கு வந்து, நெட் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, வாட்ஸப்பில் முகம் காட்டிப் பேசுவான். அவர்கள் மகள் பிரீத்திக்கு அப்பா என்றால் அந்தப் போன்தான். "உங்கப்பன் எங்கடி?" என்று யாராவது கேட்டால் அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைக் கை காட்டுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வருவதில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கந்தன் ஒரு விஷயம் சொன்னான். வெள்ளிக்கிழமையோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. முதலாளி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். "நீ சரின்னாப் போடறேன் புள்ள. வேண்டாம்னா ஊட்டுக்கு வந்தர்றேன். வண்டி நாளைக்கே உள்காட்டுக்குப் போவுது, அங்க நெட்டெல்லாம் கெடைக்காது. வெறும் போன்தான். எப்பிடியாச்சும் சொல்லிரு" என்றான். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படம் உறைந்து நின்றுவிட்டது.

யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. 'வந்திருங்க' என்ற ஒற்றை வார்த்தைதான் அவள் சொல்ல வேண்டியது. இருக்கிற காசுக்கு அடக்கமாக இருந்துகொள்ளலாம். பிள்ளை போனைப் பார்த்து அப்பா என்று கூப்பிடுவதை இன்னும் ரெண்டு வருசம் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அந்த ஒற்றை வார்த்தையைத் தன் போனிலிருந்தே சொல்லிவிடலாம் என்று பார்த்தால் அதில் ஐஎஸ்டி திறந்திருக்கவில்லை. திறக்கச் சொல்லிப் போனால், சிம் கார்டு கந்தன் பெயரில் இருப்பதால் கந்தன் நேரில் வந்தால் உடனே திறந்து தருவதாகச் சொன்னார்கள். கந்தன் நேரில் வந்துவிட்டால் ஐஎஸ்டி எதற்கு என்று அவள் கேட்டதற்கு, அது அவர்களுடைய துறை இல்லை என்றார்கள். திருச்செங்கோட்டு ஆபீசில் சொல்லி விடலாமென்றால், கையெழுத்துக் கேட்பதே அவர்கள்தான். "சொல்லிடறோம், சொல்லிடறோம்" என்று அவர்கள் ரெண்டு தடவை சொன்னதிலேயே சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பரமத்தி வேலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அஸாருதீன்தான் வழி காட்டினான். ஆள் சேர்த்துவிட்டால் அவனுக்கும் ஏதோ கிடைக்கும். ஆனாலும் நல்ல பையன், சிரித்த முகம். அவள் போனை வாங்கி அன்பொலி செயலியை இறக்கிக் கொடுத்தான்.

"சாம்பியாவாங்கக்கா? பக்கத்து ஊட்டுக்காரங்ககூடப் பேசற மாதிரி பேசலாம். அண்ணன் போன்ல உங்க நம்பரேதான் உழுகும். நடுவுல கம்பெனி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

இது அன்பொலியின் தலையாய பெருமைகளில் ஒன்று.

இந்த இடத்தில் ரிக் குடும்பங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கந்தன் ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் ரிக் வண்டியில் இருந்த காலத்தில், ரீசார்ஜ் மிச்சம் பிடிக்க இருவரும் மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தினார்கள். ஒரே மணியோடு அடித்து நின்றால் 'சரி' என்று அர்த்தம். நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு, நீ சொன்னபடியே செய்யலாம், எல்லாம் அதற்குள் அடக்கம். நிற்காமல் அடித்தால் எடுத்துப் பேச வேண்டும். அந்தப் பக்கத்து ரிக் வீடுகள் பாதிக்கு மேல் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குச் செயலியும் வேண்டியிருக்கவில்லை, மேலாண்மை இயக்குநரும் வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தமிழ்ச்செல்வி கை கால் கழுவி, பிரீத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, செயலியில் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். அழைப்பு ஏற்கப்பட்டதாகவும் தயவுசெய்து வைத்துவிடும்படியும் எழுத்து வந்தது. வைத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, நீங்கள் அழைத்ததற்காக நாங்கள் அழைக்கிறோம் என்றது. பிறகு அன்பொலியின் வாழ்த்துப்பா வந்தது. பிரபாகரே எழுதி, பிரபாகரே மெட்டமைத்து, யாரும் தடுக்காததால் பிரபாகரே பாடியது. அதைப் பாதியில் நிறுத்த வழியில்லை. பாட்டு முடிந்ததும் பெண் குரல் திரும்பி வந்து, நீங்கள் பேச விரும்புபவர் இருக்கிறாரா என்று எங்கள் பொறியாளர்கள் சோதித்துவிட்டார்கள், இருக்கிறார், வாழ்த்துகள் என்றது. அடுத்து, பேச்சின் நோக்கத்தைத் தெரிவிக்க வேண்டும். நல்ல சேதிக்கு ஒன்று, கெட்ட சேதிக்கு இரண்டு, சண்டைக்கு மூன்று, சும்மா விசாரிக்க நான்கு.

தமிழ்ச்செல்வி திகைத்துப்போனாள். புருஷனை வீட்டுக்கு வரச் சொல்வது நல்ல சேதிதான். முதலாளிக்குக் கெட்ட சேதி. கந்தன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் சண்டையாகவும் போகலாம். எதை அமுக்குவது என்று அவள் விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போதே, நீங்கள் யோசிக்க விரும்புவதை மதிக்கிறோம், வையுங்கள், மறுபடி அழைக்கிறோம் என்று குரல் விடைபெற்றுக்கொண்டது.

அடுத்த நிமிஷம் போன் ஒரே மணி அடித்து நின்றது. பார்த்தால் கந்தனின் நம்பர். "அப்பா" என்றாள் பிரீத்தி. இங்கே இவள் படும் பாடு தெரியாமல் மனுஷன் காட்டுக்குள் உட்கார்ந்து சரி சொல்லிக்கொண்டிருக்கிறானே என்று தமிழ்ச்செல்விக்கு ஆத்திரமும் பாசமும் சேர்ந்து வந்தன.

செவ்வாய்க்கிழமை நல்ல சேதியை அமுக்கினாள். நல்ல சேதி அதிகம் இருப்பதால் காத்திருக்கச் சொன்னார்கள். புகார் எண்ணுக்குப் போட்டாள். புகாரைக் கேட்பதற்கும் திரும்ப அழைப்பார்களாம், வைக்கச் சொன்னார்கள். புகார்ப் பிரிவு திரும்ப அழைத்து வாழ்த்துப்பாவை ஒலிக்க விட்டிருந்த நேரம் பார்த்து இணைப்புப் பிரிவு அவளை அழைத்திருக்கிறது. லைன் கிடைக்கவில்லை. இணைப்புப் பிரிவு அவளைப் 'பேச விருப்பமில்லாத வாடிக்கையாளர்' என்று முடிவு கட்டியது. நிறுவனத்தின் ஒரு கை கூப்பிடும்போது இன்னொரு கையும் கூப்பிட்டால் அது வாடிக்கையாளரின் குற்றம் என்று அங்கே சட்டம். இதற்கிடையில் கந்தனின் ஒற்றை மணி மட்டும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, பிரீத்தியையும் இழுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினாள். அன்பொலியின் தலைமையகம் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் நாற்காலிகள், அந்தப் பக்கம் வாடிக்கையாளர் உறவு மேலாளர் செங்கோட்டுவேலு. நேரே போய் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். செங்கோட்டுவேலு பதறிப்போய் ரெண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்ற செக்யூரிட்டி அவளைப் பதமாகப் பின்னுக்கு அழைத்துப் போய், நேரில் பேசுவது நிறுவனத்தின் கொள்கைக்கு விரோதம் என்று விளக்கினார். கீழே டயர்க் கடை வாசலில் நின்று மேலாளருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் திரும்ப அழைப்பார். அப்போது மேலே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரோடு போனில் பேசலாம்.

அப்படியே செய்தாள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இருவரும் போனில் பேசினார்கள். கண்ணாடியில் ஒரு இடத்தில் துளை போட்டிருந்ததால் அவர் குரல் போனில் வருவதற்கு முன்பே நேரில் வந்துவிட்டது. மேலாளர் அதைக் காதில் வாங்க வேண்டாம் என்று சைகை காட்டினார்.

தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக் கையெழுத்து, உள்காடு, போனைக் கை காட்டும் பிள்ளை. சொல்லிக்கொண்டே அழுதாள். செங்கோட்டுவேலு உண்மையிலேயே உருகிவிட்டார்.

"கவலப்படாதீங்கம்மா. உங்க ஊட்டுக்காரரு இருக்கறாரா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் நாங்க பாத்துட்டுத்தான் இருக்கறோம். இருப்புச் சோதனைன்னு அதுக்குப் பேரு. நீங்க பச்சைய அமுக்குனதுமே, அவருக்கு ஒரே ஒரு மணி அடிச்சு, ரிங் போவுதான்னு பாத்துக் கட் பண்ணிருவோம். அதுக்கப்பறந்தான் உங்களையே கூப்படறது. ஆள் இல்லாத போனுக்கு இணைப்புக் குடுத்து உங்க காச வீணாக்க மாட்டோம்."

இருக்கிறவரோடு பேசத்தானே வந்தேன் என்றாள் அவள். செங்கோட்டுவேலு சிரித்தார். பேச்சு என்பது கடைசிப் படி, அதற்கு முந்திய படிகளில் அன்பொலியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றார். அவள் நிலைமையைப் பார்த்து மனசு கேட்காததால் அவளுக்கு 'தங்க முன்னுரிமை' தருவதாகச் சொன்னார். இனி அவள் பச்சைப் பொத்தானை அமுக்கக்கூட வேண்டியதில்லை. நிறுவனமே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தானாக முயன்றுகொண்டே இருக்கும். தமிழ்ச்செல்வி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதையும் போனில் சொல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை முழுக்கத் தங்க முன்னுரிமை வேலை செய்தது. முட்டைத் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுப்பதும், வாழ்த்துப்பா கேட்பதும், கணவர் இருக்கிறார் வாழ்த்துகள் என்று தெரிந்துகொள்வதும், வைப்பதுமாகப் பொழுது போனது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கந்தனிடமிருந்து ஒரு ஒற்றை மணி. மாலையில் அவள் காதில் போன் இல்லாதபோதும் பிரபாகரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பண்ணை மேஸ்திரி சுப்பம்மாள், இந்தப் பாட்டுக்காரன் யாரென்று தெரிந்தால் சொல்லு, நாலு அழுகல் முட்டை எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டுக்குப் பதில் ஒரு மனிதக் குரலே வந்தது. செங்கோட்டுவேலு. அன்று சாயங்காலம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்பொலியின் ஆண்டு விழா. தங்க முன்னுரிமை வாடிக்கையாளர் ஒருவரை மேடையில் ஏற்றி, எல்லார் முன்னாலும் வெளிநாட்டுக்கு இணைப்புக் கொடுத்துக் காட்டப் போகிறார்கள். நாமக்கல், கரூர், சேலம் மூன்று ஊர்களிலும் தேடி, அழுகிற குரல் உள்ளவராக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சாம்பியாவில் அப்போது மதியம்தான் ஆகியிருக்கும், அதற்குள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான் என்று தமிழ்ச்செல்வி கணக்குப் போட்டாள். பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேடையில் பிரபாகரின் படம் அவரைவிடப் பெரிதாக நின்றது. குத்துவிளக்கு ஏற்றும்போதுகூட அவர் முதலில் தீக்குச்சியை அணைத்துவிட்டு, இன்னொருவர் கொண்டுவந்து கொடுத்த தீக்குச்சியில் ஏற்றினார். பிறகு பேசினார்.

"நேரடியாகப் பேசுவதில் என்ன பெருமை இருக்கிறது? காக்காய்கூட நேரடியாகத்தான் கூப்பிடுகிறது. கூப்பிட்டு, வைத்து, காத்திருந்து, திரும்பக் கூப்பிடப்பட்டு, அதற்குப் பிறகும் பேசாமல் இருப்பது மனிதனால் மட்டும்தான் முடியும். அன்பொலியில் இணைப்புக் கிடைப்பதில்லை என்று சில பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், இணைப்புக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு யார் தலையில் விடியும்? மலிவு என்பது வானத்திலிருந்தா வருகிறது? பேசாத பேச்சைவிட மலிவான பேச்சை எந்தக் கம்பெனியாவது கொடுக்க முடியுமா?"

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஏஜெண்டுகள் எழுந்து நின்று தட்டினார்கள். அஸாருதீனும் தட்டினான், கொஞ்சம் மெதுவாக.

தமிழ்ச்செல்வியை மேடைக்கு அழைத்தார்கள். பிரீத்தி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினாள். செங்கோட்டுவேலு ஒரு போனை ஒலிபெருக்கியோடு இணைத்தார். இந்தத் தடவை பாட்டு இல்லை, ஒன்று இரண்டு மூன்று இல்லை. மணி நிற்காமல் அடித்தது. உடனே எடுத்துவிட்டான். காற்றும் கம்ப்ரசர் இரைச்சலுமாகக் கந்தனின் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது.

"ஏம்புள்ள, காத்தாலயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

தமிழ்ச்செல்வி மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமையிலிருந்து பாக்கறேன். ஒத்த மணி ஒத்த மணியா சரி சரின்னு அடிச்சுக்கிட்டே இருக்கற. நானும் ஒவ்வொண்ணுக்கும் பதில் அடிச்சேன். நேத்தெல்லாம் நீ நிறுத்தவே இல்ல. எம் பொண்டாட்டியாட்ட தகிரியம் ஆருக்கு வரும்னு வண்டில எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு வருசந்தான் கேட்டாங்க புள்ள. நீ இத்தன தடவ சரிங்கறயேன்னு நாலா போட்டுட்டேன்."

"ஏனுங்க, அது நானில்லீங்க" என்று அவள் தொடங்கினாள். மாதிரி அழைப்பு இனிதே நிறைவுற்றது என்று பெண் குரல் அறிவித்தது. லைன் போய்விட்டது.

எங்கேயோ இடறிவிட்டது என்று ஏஜெண்டுகளுக்கே புரிந்துவிட்டது. ஆனால் பிரபாகர் மேலாண்மை இயக்குநர். மைக்கைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். அன்பர்களே, கேட்டீர்களா, இந்தச் சகோதரி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை, நமது இருப்புச் சோதனை ஒன்றைக் கொண்டே கணவரை நான்கு ஆண்டுகளுக்கு முடிவெடுக்க வைத்துவிட்டார் என்றார். இனி இருப்புச் சோதனையை 'மௌனத் தூது' என்ற பெயரில் தனிக் கட்டணச் சேவையாக நடத்தப்போவதாக அங்கேயே அறிவித்தார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. தமிழ்ச்செல்விக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று செங்கோட்டுவேலு பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் போன் அடித்தது. அன்பொலிதான். சேவை திருப்தி என்றால் ஒன்றையும், மிகுந்த திருப்தி என்றால் இரண்டையும் அமுக்கச் சொன்னார்கள். வேறு கருத்து இருந்தால் மணியோசைக்குப் பிறகு பேசலாம். தமிழ்ச்செல்வி எதையும் அமுக்கவில்லை. ஓசை வந்தது. லைன் அத்தனை தெளிவாக இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தொண்டையில் நின்றதெல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது. "ஊட்டுக்கு வந்திருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க வந்தாப் போதும். வந்திருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். உங்கள் கருத்து ஒரு எழுத்து விடாமல் பதிவாகிவிட்டது, நன்றி என்றது பெண் குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கந்தன் வாட்ஸப்பில் வரவில்லை, வண்டி இன்னும் உள்காட்டிலேயே இருந்தது. அடுத்த வாரம் அஸாருதீன் கடைக்கு மேலே புதிய ஃபிளெக்ஸ் பலகை ஏறியது. சால்வையோடு தமிழ்ச்செல்வி கண் கலங்கி நின்றாள். பக்கத்தில் பிரபாகர் கை கூப்பியிருந்தார். மேலே கொட்டை எழுத்தில், 'ஊட்டுக்கு வந்திருங்க!' கீழே சின்ன எழுத்தில், அன்பொலியை மனமார அழைக்கிறார் பரமத்தி வேலூர் வாடிக்கையாளர். வேலூர் சந்தைக்கு வாழைத்தாரும் வெற்றிலையும் கொண்டு வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துப் படித்துவிட்டுப் போனார்கள்.

ரெண்டு நாள் அஸாருதீன் அதைப் பார்த்தும் பார்க்காமலும் கடை நடத்தினான். மூன்றாம் நாள் தமிழ்ச்செல்வி வந்து கீழே நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் ஏணி போட்டு ஏறிவிட்டான். கயிற்றை அறுத்து, பலகையைச் சுருட்டி, அவள் கையில் கொடுத்தான். "மன்னிச்சுருங்கக்கா" என்றான். கம்பெனி கேட்டால் காற்றுக்குப் பறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதாகவும் சொன்னான்.

ஃபிளெக்ஸ் நல்ல கெட்டி. ஆட்டுப் பட்டிக்கு மேலே இழுத்துக் கட்டினாள். பிரபாகரின் முகம் ஒரு ஓரமாகத் தொங்கி, ஆடுகள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் முதுகு தேய்த்துக்கொள்ள வாகாக அமைந்தது. எழுத்துப் படிக்கத் தொடங்கியிருந்த பிரீத்தி, பட்டிக்கு முன்னால் நின்று கொட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள்.

"யாரயம்மா வரச் சொல்ற?"

"உங்கப்பனத்தான் சாமி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

தமிழ்ச்செல்வி கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்கினாள்.

"ஊருக்கெல்லாம் தெரியும் சாமி. அவருக்குத்தான் தெரியாது."

உள்ளே அலமாரியில் போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது.